இல்லற விளக்கு: விழித்திருந்த எட்டு மாதங்கள்

சென்ற மாதம் வாசகி ஒருவரிடமிருந்து நீண்டதொரு கடிதம் வந்தது. பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியிடும் எண்ணம் நமக்கும் இல்லை. மணமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. பிள்ளைகள் வேறு வேறு ஊர்களில் வேலையாயிருக்கிறார்கள். கணவர் பகலில் ஒருவாறு தெளிவாகவே இருக்கிறார். பொழுது சாய்ந்ததும் நினைவு தடுமாறத் தொடங்குகிறது. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியைப் பார்த்து, “நீங்கள் யார்?” என்று கேட்கிறாராம். “நாற்பது வருஷமாக ‘நீ’ என்று கூப்பிட்டவர் ‘நீங்கள்’ என்கிறார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை” என்று அம்மையார் எழுதியிருக்கிறார். மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது. மறதி நோயில் மாலைக்கு மேல் குழப்பம் மிகுவது வழக்கமே என்று அவர் விளக்கியும் இருக்கிறார். ஆகவே அம்மையார் நம்மிடம் மருந்து கேட்கவில்லை. அந்த வேளையில் தாம் அவருக்கு என்ன உறவு என்றுதான் கேட்கிறார்.

இக்கேள்விக்கு நேராக விடை சொல்லும் தகுதி இப்பகுதிக்கு இல்லை. ஆனால் கணவனும் மனைவியும் ஓரறையில் இருக்க, ஒருவருடைய பிரக்ஞை மட்டும் மற்றவர் எட்ட முடியாத இடத்துக்குச் சென்றுவிடுகிற வாழ்க்கையை, விரிவாகப் பதிவு செய்யப்பட்ட ஓர் இல்லறத்தில் நாம் காணலாம். அது தக்ஷிணேசுவரத்தில் நடந்தது. ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அவர் சென்ற இடத்தைப் பற்றியே எழுதினார்கள். பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பற்றி இம்மாதம் பேசலாமென்று தோன்றுகிறது.

சாரதா தேவியார் 1853-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் வங்காளத்தின் பாங்குரா ஜில்லாவிலுள்ள ஜெயராம்பாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். சில மைல் தொலைவிலுள்ள காமார்புகூர், பரமஹம்ஸரின் ஊர். 1859-இல் திருமணம் நடந்தபோது மணமகனுக்கு இருபத்து மூன்று வயது, மணமகளுக்கு ஐந்து. இதை அக்கால வழக்கம் என்று சொல்லி எளிதாகக் கடந்துவிடுவார் உண்டு. வழக்கமாயிருந்ததனால் அது நல்லதாகிவிடாது. 1929-இல் குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் வருவதற்குள் எத்தனை சிறுமியரின் கண்ணீர் இந்நாட்டில் சிந்தியது என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். (அச்சட்டத்தைக் கொண்டுவந்தவரின் குடும்பப் பெயரும் சாரதா என்பது ஒரு தற்செயல்.) மணப்பெண்ணுக்குப் பூட்டிய நகைகள்கூட இரவல். ஊர்ப் பெரிய வீட்டிலிருந்து வாங்கிவந்த அவற்றை, குழந்தை உறங்கும்போது கணவரே மெல்லக் கழற்றித் தாயாரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினாராம். விழித்தெழுந்த குழந்தை நகை எங்கேயென்று கேட்டது. மாமியார் சந்திரமணி தேவி மடியிலிட்டுத் தேற்றினார். பெண்ணின் சிற்றப்பாவோ கோபம் கொண்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்.

அதன் பின் பல்லாண்டுகள் கணவர் கலகத்தாவுக்கு வடக்கே ராணி ராஸ்மணி கட்டிய காளி கோயிலில். மனைவி ஊரில். 1867-இல் அவர் சில மாதம் ஊருக்கு வந்து தங்கியபோது பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கடவுளைப் பற்றி மட்டுமா சொல்லிக் கொடுத்தார்? விளக்குத் திரியை எப்படித் தூண்டுவது, வீட்டில் யாரிடம் எப்படி நடந்துகொள்வது, படகில் போனால் இறங்கும்போது ஏதேனும் விட்டுப்போயிற்றா என்று எப்படிப் பார்ப்பது என்பவற்றையும் சொல்லிக்கொடுத்தார். இவற்றையெல்லாம் அம்மையார் முதுமையிலும் நினைவு வைத்துச் சொன்னார் என்பதுதான் கவனிக்கத் தக்கது. தத்துவம் மறந்து போகலாம். அன்பாகச் சொல்லிக்கொடுத்த விளக்குத் திரி மறக்காது போலும்.

பின்பு ஊரில் வதந்தி பரவிற்று: தக்ஷிணேசுவரத்துப் பூசாரிக்குச் சித்தம் கலங்கிவிட்டது, ஆடையின்றித் திரிகிறார், அழுகிறார், சிரிக்கிறார். குளத்தங்கரையில் பெண்கள் சாரதையைப் பைத்தியக்காரன் பெண்டாட்டி என்று இரக்கப்பட்டார்கள். ஏச்சைத் தாங்கலாம்; இந்த இரக்கத்தைத் தாங்குவது அரிது. பிறர் வாய்ச்சொல்லை நம்புவதைவிடத் தாமே போய்ப் பார்ப்பதென்று பதினெட்டு வயதில் அவர் முடிவு செய்தார். 1872-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், தந்தையாருடன் ஏறத்தாழ அறுபது மைல் நடக்கத் தொடங்கினார். வழியில் கடுஞ்சுரம் கண்டு ஒரு சத்திரத்தில் கிடந்தார். மீண்டெழுந்து, ஓர் இரவு வேளையில் தக்ஷிணேசுவரம் வந்து சேர்ந்தார்.

பைத்தியம் என்று கேள்விப்பட்ட கணவர் அவரைத் தம் அறையிலேயே தங்கவைத்து, சுரத்துக்கு மருந்தும் பத்தியமும் ஏற்பாடு செய்தார். உடல் தேறியபின், தம்மை உலக வாழ்வுக்கு இழுக்கவா வந்தாய் என்று நேராகவே கேட்டார். இல்லை, உங்கள் வழிக்குத் துணையாகவே வந்தேன் என்று அவர் விடையிறுத்தார். இவ்வளவு வெளிப்படையான பேச்சு நம் குடும்பங்களில் எத்தனை தம்பதிகளுக்கு வாய்க்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். இங்கே வற்புறுத்தல் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் நிலையும் விடை சொன்னவரின் நிலையும் சமமாயிருந்தனவென்றும் சொல்வதற்கில்லை. கிராமத்துப் பெண் ஒருத்தி, அறுபது மைல் நடந்து வந்து, அறிமுகமற்ற இடத்தில் நின்றுகொண்டு அளித்த விடை அது. பிற்காலத்துப் பரமஹம்ஸரே ஒன்றைச் சீடரிடம் ஒப்புக்கொண்டார்: அவள் அத்தனை தூயவளாயில்லாதிருந்தால் தம்முடைய கட்டுப்பாடு நிலைத்திருக்குமோ என்பது ஐயமே என்று. அந்த இல்லறத்தின் பாரத்தில் பாதியை யார் சுமந்தார் என்பதைக் கணவரே அளந்து சொல்லிவிட்டார்.

பிறகு எட்டு மாதங்கள் இருவரும் ஒரே படுக்கையில் உறங்கினர் என்று வரலாற்றாசிரியர் எழுதுகிறார்கள். உறங்கினர் என்பது சரியன்று. அவர் உறங்கவில்லை, ஆதலால் இவரும் உறங்கவில்லை. இரவில் திடீரென்று பரமஹம்ஸரின் உடல் விறைத்துவிடும். மூச்சு இருக்கிறதா என்று தெரியாது. முகத்தில் சில சமயம் புன்னகை, சில சமயம் கண்ணீர். சில சமயம் யாருடனோ பேச்சு. இவையெல்லாம் பகலில் பக்தர் கூட்டத்தின் நடுவே நடந்தால் அற்புதம். நள்ளிரவில், இருட்டறையில், பதினெட்டு வயதுப் பெண் தனியாக இருக்கும்போது நடந்தால் அது அச்சம். எப்போது விடியுமென்று நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்ததாக அம்மையாரே பிற்காலத்தில் கூறினார்.

ஓரிரவு அவர் வெகுநேரமாகியும் மீளவில்லை. பயம் தாங்காமல், பணிப்பெண்ணை அனுப்பி, கணவரின் மருமகன் முறையான ஹிருதயரை எழுப்பி வரச்செய்தார். ஹிருதயர் வந்து காதருகே இறைநாமத்தைச் சொல்லச் சொல்ல, மெல்ல உணர்வு திரும்பிற்று. மறுநாள் இதைக் கேட்டறிந்த கணவர் செய்த காரியம்தான் இந்த இல்லறத்தின் நடுநாயகம் என்று நமக்குப் படுகிறது. பயப்படாதே என்று சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. உடலில் இன்ன குறி கண்டால் காதில் இன்ன நாமத்தைச் சொல், வேறு குறி கண்டால் வேறு மந்திரத்தைச் சொல் என்று வகை வகையாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தார். தாம் போகும் இடத்துக்கு மனைவியை அழைத்துச் செல்ல அவரால் இயலவில்லை. திரும்பி வரும் வழியின் திறவுகோலை அவர் கையில் கொடுத்துவிட்டார். அன்றுமுதல் பயம் குறைந்தது என்கிறார் அம்மையார்.

பயம் குறைந்தது, தூக்கம் வரவில்லை. எப்போது அந்த நிலை வருமோ என்று காத்திருப்பவருக்குத் தூக்கம் எங்ஙனம் வரும்? இரவு பாதியும் புறவுணர்வின்றி இருந்தவர், பக்கத்திலிருப்பவள் உறங்கவில்லை என்பதைக் கண்டுகொண்டார். உடனே அவரைத் தம் தாயாருடன் நஹபத்தில் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இதைத் துறவின் கடுமை என்று சிலர் எழுதுவர். ஒரு மனைவியின் தூக்கத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றே நாம் கொள்கிறோம்.

காரைக்காலில் வாழ்ந்த வணிகன் பரமதத்தனை இவ்விடத்தில் நினைக்காமலிருக்க முடியவில்லை. மாங்கனிக் கதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்ததே. மனைவி புனிதவதியார் தனக்கு எட்டாத நிலையினர் என்று கண்ட கணத்தில் அவன் அஞ்சினான். கெட்டவனல்லன், பிறகு பிறந்த மகளுக்கு அவர் பெயரையே வைத்தான், மகளோடும் இரண்டாம் மனைவியோடும் வந்து அவர் காலிலும் விழுந்தான். ஆயினும் கப்பலேறிப் பாண்டி நாட்டுக்குப் போய்விட்டான். அச்சம் வந்தது இருவருக்குந்தான். பரமதத்தனுக்கு வழிபடத் தெரிந்ததேயன்றி உடனிருக்கத் தெரியவில்லை. தக்ஷிணேசுவரத்துப் பெண் ஹிருதயரை எழுப்பி வரச்சொன்னாள்.

வழிபாடு இங்கும் நடந்தது, அதையும் சொல்லவேண்டும். பலஹாரிணி காளி பூஜை இரவன்று பரமஹம்ஸர் தம் அறையில் அம்பிகைக்கெனப் போட்ட பீடத்தில் மனைவியை அமரச்செய்து, திரிபுரசுந்தரியாகிய ஷோடசியாகப் பாவித்துப் பூசித்தார். பூசையின் நடுவே அம்மையாரும் புறவுணர்வு இழந்தார். பூசித்தவரும் சமாதியில் ஆழ்ந்தார். வெகுநேரம் கழித்து, தம் பன்னிரண்டாண்டுத் தவத்தின் பயனையும் ஜபமாலையையும் அவருடைய பாதத்தில் வைத்து வணங்கினார். இருவரும் ஒருங்கே அந்நிலையில் இருந்ததாகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது அந்த ஓரிரவுதான். அதைப் பற்றிப் பக்தி நூல்கள் நிறையப் பேசுகின்றன. விடிந்ததும் அம்மையார் அடுப்படிக்குத் திரும்பினார் என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்வோம்.

நஹபத் என்பது கோயிலில் நாதசுரம் போன்ற மங்கல வாத்தியம் வாசிப்பதற்காகக் கட்டிய சிறு மண்டபம். கீழறை எண்கோண வடிவம்; ஐம்பது சதுர அடிக்கும் குறைவு. வாசற்படி தாழ்வானது, முதல் நாட்களில் தலை இடித்துக்கொண்டே இருந்தாராம். உள்ளே அரிசி, பருப்பு, பாத்திரங்கள், கணவருக்குப் பத்தியச் சமையலுக்காக நீரில் உயிரோடு விட்டிருந்த மீன். ஊரிலிருந்து வரும் பெண்களும் அங்கேயே தங்குவர். விடியற்காலை மூன்று மணிக்கெழுந்து, எவரும் காணுமுன் கங்கையில் நீராடிவிடுவார். தாழ்வாரத்தைச் சுற்றிக் கட்டிய மூங்கில் தட்டியில் ஒரு சிறு துவாரம். அதன் வழியே, எதிரறையில் கணவர் பாடுவதையும் ஆடுவதையும் சமாதியில் நிற்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மாதம் வரையில் அவரை நேரில் காணாமலே கழிந்த காலமும் உண்டு. நின்று நின்று பார்த்ததில் கால்களில் வாதம் கண்டுவிட்டது. இந்தக் குடியிருப்பு அவருடைய பெருமையைக் காட்டுகிறது. கூடவே, நூற்றுக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில் அந்த அம்மையாருக்கு வேறோர் அறை கொடுக்க எவருக்கும் தோன்றாததையும் காட்டுகிறது.

ஆனால் அந்தத் தட்டியைத் தாண்டி ஒரு நெருக்கம் இருந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் மாலை உணவு வைக்க அறைக்குள் வந்தவரைத் தம் அண்ணன் மகள் லட்சுமி என்று எண்ணி, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போடி என்ற பாவனையில் பரமஹம்ஸர் சொல்லிவிட்டார். வங்க மொழியில் ‘துயி’, ‘துமி’, ‘ஆப்னி’ என மூன்று படிகள் உண்டு. கலகத்தாவில் வாழ்ந்த நம்மவர் முதலில் தடுமாறுவது இங்கேதான். சிறுவரையும் வேலையாட்களையும் அழைக்கும் ‘துயி’ அவர் வாயில் வந்துவிட்டது. குரலைக் கேட்டு மனைவி என்றறிந்ததும் பதறிப்போனார். இரவெல்லாம் உறக்கமில்லை. மறுநாட் காலை நஹபத்துக்கே சென்று, அப்படிச் சொல்லிவிட்டேனே என்று வருந்திக் கூறினார். மனைவியை ஒருமுறைகூட அச்சொல்லால் அழைத்ததில்லை என்பது அம்மையார் பிற்காலத்தில் பெருமையோடு சொன்ன செய்தி. நமக்குக் கடிதமெழுதிய சகோதரிக்கு ‘நீங்கள்’ என்ற சொல் முள்ளாய்த் தைக்கிறது. இந்தச் சகோதரிக்கு ‘துயி’ வராததே செல்வமாயிருந்தது. தம்பதிகளுக்கிடையே ஒரு விகுதிக்கு இருக்கும் எடையை வெளியார் அளக்க முடியாது.

காசைத் தொட்டாலே கை சுருங்கும் என்பார்கள் பரமஹம்ஸருக்கு. அவரே, ஹிருதயரிடம் பெட்டியில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கச் சொல்லி, மனைவிக்கு முந்நூறு ரூபாய் செலவில் பொன்நகை செய்வித்தார். உறங்கும் குழந்தையிடமிருந்து கழற்றிய இரவல் நகை அவர் நினைவில் இருந்ததோ என்னவோ. மார்வாடி பக்தர் ஒருவர் பதினாயிரம் ரூபாய் அளிக்க முன்வந்தபோது, உன் பெயரில் எழுதிக்கொள்ளட்டுமா என்று மனைவியைக் கேட்டனுப்பினார். நான் வாங்கினால் நீங்கள் வாங்கியதாகவே ஆகும் என்று அவர் மறுத்துவிட்டார். இத்தகைய மனிதரும் நாள் பார்ப்பதில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இளைத்தவரல்லர். 1884-இல் பரவச நிலையில் விழுந்து கையெலும்பு விலகி வேதனைப்பட்டுக்கொண்டிருந்த சமயம், அம்மையார் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். எப்போது புறப்பட்டாய் என்று கேட்டார். வியாழக்கிழமை பிற்பகல் ஆகாத வேளை என்று தெரிந்ததும், போய்ப் பிரயாணத்தை மாற்றிக்கொண்டு வா என்று திருப்பியனுப்பிவிட்டார்! அவரும் முகங் கோணாமல் போய்வந்தார். இராகுகாலத்துக்கு இரயிலை விட்டவர்கள் நம் சங்கத்திலும் உண்டு; ஆறுதல் கொள்ளலாம்.

பரமஹம்ஸரின் நிலை நோயா, யோகமா என்ற வழக்கு அவர் காலத்திலேயே இருந்தது, இன்றும் ஓயவில்லை. வலிப்பு என்றார் சிலர். மனக்கலக்கம் என்றார் வேறு சிலர். 1885-இல் தொண்டைப் புற்றுநோய்க்காகச் சியாம்புகூரில் தங்கியிருந்தபோது சிகிச்சையளித்த டாக்டர் மகேந்திரலால் சர்க்கார், சமாதி நேரத்தில் குழாய் வைத்து நெஞ்சைச் சோதித்தார். உடனிருந்த மற்றொரு மருத்துவர் திறந்திருந்த கண்ணை விரலால் தொட்டும் இமை அசையவில்லை. சர்க்கார் எதையும் எளிதில் நம்புகிறவரல்லர். 1876-இல் கலகத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவர் அவரே. அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் பிற்காலத்தில் நம் சர் சி. வி. ராமன் 1928-இல் உலகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பைச் செய்தார். மருத்துவர் கண்ணைத் தொட்டுப் பார்த்து அறிய முயன்றதை மனைவி பதின்மூன்றாண்டுகளுக்கு முன்பே முகத்தைப் பார்த்து இனங்கண்டு, தக்க நாமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் அறிவுதான்.

1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-இல் பரமஹம்ஸர் மறைந்தார். வழக்கப்படி வளையல்களைக் கழற்றப் போனவர், கணவர் தோன்றித் தடுத்ததாகக் கண்டு, கழற்றாமல் விட்டார்; மெல்லிய சிவப்புக் கரையிட்ட புடவையையே இறுதிவரை உடுத்தினார். அக்கால வங்காளத்தில் ஓர் அந்தணக் கைம்பெண் இவ்வாறு இருப்பதென்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். காமார்புகூரில் தனித்திருந்த நாட்களில் தாமே கொத்திப் பயிரிட்ட கீரையும், உப்புக்குக்கூட வழியின்றி வெறுஞ்சோறும் உண்டார். பின்னரே சீடர்கள் விழித்துக்கொண்டார்கள்.

நமக்குக் கடிதமெழுதிய அம்மையாரின் கணவருடைய நிலை வேறு, சமாதி வேறு. மறதி நோயை யோகமென்று சொல்லி ஆறுதல் கூறுவது பொய்யாகும். பரமஹம்ஸர் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். நோயாளி நாளுக்கு நாள் சிறிது குறைவாகவே திரும்புகிறார். ஆயினும் படுக்கையின் இந்தப் பக்கத்தில் இருப்பவரின் இரவு இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆதலால் இரண்டொன்று சொல்லத் துணிகிறோம். ஹிருதயரை எழுப்பியதில் வெட்கமில்லை. மகனையோ பக்கத்து வீட்டாரையோ சங்கத்து நண்பரையோ வாரத்தில் இரண்டிரவு துணைக்கு அழையுங்கள். பரதேசத்தில் கூட்டுக் குடும்பம் இல்லாத குறைக்குச் சங்கம் என்று ஒன்றை வேறெதற்காக வைத்திருக்கிறோம்? வேறறையில் படுத்துத் தூங்குவதும் துரோகமாகாது. அதை ஒரு பரமஹம்ஸரே ஏற்பாடு செய்தார். காதோடு சொல்லும் பழைய பெயர், பழைய பாட்டு எது அவரைச் சற்றேனும் திருப்புகிறது என்று பார்த்து வையுங்கள். மற்றவை மறந்த பின்னும் பாட்டு நெடுநாள் நிற்பதை மருத்துவர்களும் கண்டிருக்கிறார்கள். ‘நீங்கள் யார்’ என்று அவர் கேட்டால், அந்த வேளையில் திருத்திப் போராடவேண்டாம்.

கணவர் மறைந்தபின் சாரதா தேவியார் பிருந்தாவனத்தில் சில காலம் தங்கினார். அங்கே ஒருநாள் அவருக்கே ஆழ்ந்த சமாதி வந்தது. உடனிருந்த தோழி யோகின்-மா காதில் நாமம் சொல்லியும் தெளியவில்லை. யோகானந்த சுவாமி வந்து மந்திரம் சொன்னபின் சிறிது உணர்வு வந்தது. பரமஹம்ஸர் கேட்பது போன்றே தின்ன ஏதாவது வேண்டுமென்றார். இனிப்பும் நீரும் வெற்றிலையும் வைத்தார்கள். வெற்றிலைச் சுருளின் நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, கணவர் மெல்லும் விதமாகவே மென்றார். பிறகு பேலூரில், நீலாம்பர் பாபுவின் தோட்ட வீட்டு மாடியில் மற்றொரு முறை. உணர்வு பாதி திரும்பியதும், யோகேன், என் கை எங்கே, கால் எங்கே என்று கேட்டார். யோகின்-மா கையையும் காலையும் பிடித்து அழுத்தி, இதோ கை, இதோ கால் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உடம்பு இருக்கிறதென்று அவருக்குத் தெரிவதற்கு வெகுநேரம் ஆயிற்று.